ஏழாம் நம்பர் கிரீன் இறங்கி வந்த குளிர்காலம்

“‘உன் கயித்துலருந்து சொட்டுற சோப்புத் தண்ணி என் புல்லு மேல விழுது, புல்லு கருகிப்போயிரும், துணியை வேற எங்கயாவது கொண்டுபோய்க் காயப்போடு.’ இதுதானே சொன்னீங்க? ஒரு எழுத்து விடாம சொல்லிட்டேனா? இல்ல, ஏதாவது விட்டுப்போச்சா?”

இடுப்பில் ஈரத்துணி வாளியோடு நின்று ஹில்டா கேட்டாள். அவள் புருஷன் செபமாலை குந்தி உட்கார்ந்து, புல் நுனியில் தங்கியிருந்த சோப்பு நுரையைத் தன் மப்ளரின் முனையால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார், பச்சைக் குழந்தையின் கடைவாயில் வழிந்த பாலைத் துடைப்பதுபோல.

“பத்தொன்பது வருஷமா இந்தக் கயிறு இதே ரெண்டு கம்பத்துலதான் தொங்குது. கயிறு எழுந்து புல்லுகிட்டப் போகலை. புல்லுதான் எழுந்து கயித்துகிட்ட வந்திருக்கு. தள்ளிப் போகச் சொல்றதா இருந்தா அதுகிட்டச் சொல்லுங்க.”

அவள் சொன்னதில் பிசகு எதுவும் இல்லை. கல்மட்டம் கிளப்பின் கோல்ஃப் மைதானத்தில் ஏழாம் நம்பர் கிரீன், அதாவது அடித்த பந்து கடைசியில் உருண்டு உருண்டு வந்து குழியில் விழவேண்டிய அந்த அறுபதடி வட்டப் புல்தரை, தலைமை மாலி செபமாலை இருபத்தாறு வருஷமாகச் சீவிச் சிங்காரித்து வைத்திருந்த அந்தப் பட்டுப் புல்தரை, மேட்டின் மேல் தான் இருந்த இடத்தை விட்டு இறங்கி, விடியலுக்குப் பத்தடி என்ற கணக்கில், இருபத்தெட்டு விடியலாக நடந்து வந்து, இப்போது ஊழியர் குடியிருப்பின் பின்புறம், ஹில்டாவின் துணிக்கயிற்றுக்குக் கீழே முன்விளிம்பு மட்டும் எட்ட நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து அவள் சமையலறைச் சுவர் இருபதடி. கணக்குப் போட கான்வென்ட் படிப்பு தேவையில்லை. இன்னும் இரண்டு விடியல்.

புத்தாண்டுக் கூட்டம் மலையிறங்கிப் போனதும் கிளப்பை நாற்பது நாள் மூடிவிடுவார்கள். கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் மாதிரி மைதானத்துக்கும் ஒன்று. அந்த நாற்பது நாளில்தான் பள்ளங்களில் பழைய மணலை அள்ளிப் புது மணல் கொட்டுவது, கிரீனை முள்கரண்டியால் குத்தி மூச்சுவிட வைப்பது, குட்டையை இறைத்துத் தொலைந்த பந்துகளைச் சாக்கில் கட்டுவது, பெஞ்சுக்குப் பெயின்ட் அடிப்பது, பதினெட்டுக் குழிகளின் கொடிக்கம்புகளையும் பிடுங்கி வந்து சுரண்டி வெள்ளையடித்துப் புதுக்கொடி தைத்து மாட்டுவது, எல்லாம் நடக்கும். இத்தனைக்கும் மேல் ஒரு சட்டம் உண்டு. உறைபனி விழுந்த புல்லில், வெயில் ஏறும்வரை ஒரு உயிர் கால் வைக்கக் கூடாது. வைத்தால் பனியோடு சேர்ந்து புல்லும் நொறுங்கி, வைத்த கால் கரிக்காலாகப் பதிந்துவிடும், மாசி முடிந்தாலும் மறையாது. கால் அளவைப் பார்த்தே யார் என்று செபமாலை சொல்லிவிடுவார். ஒருமுறை புது வாட்ச்மேன் பனியில் நடந்ததற்கு ஒரு வாரம் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதே வாரம் காட்டெருமைக் கூட்டமும் நடந்தது, அதை நிறுத்த யாராலும் முடியவில்லை.

அப்படிப்பட்ட மூடலின் இரண்டாம் நாள், கிழக்கே வெளுத்து, வெயில் இன்னும் விழாத அந்த முக்கால் மணி நேரத்தில், பனி போர்த்திய ஏழாம் கிரீன் அசைந்தது. பார்த்தது மூன்று பேர். மூன்று பேரும் டீ குடித்து முடித்துவிட்டுத்தான் செபமாலையைக் கூப்பிடப் போனார்கள், ஏனென்றால் டீ ஆறிப்போகும், கிரீன் அப்படியொன்றும் வேகமாகப் போகவில்லை.

முதல் வாரம் அதைப் பதிவேட்டில் எழுதினார்கள். இரண்டாம் வாரம் தண்ணீர்க் குழாயை நீட்டினார்கள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், படுகர் ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து கும்பிட்டார்கள், பள்ளிவாசல்காரர்கள் தூர நின்று பார்த்துவிட்டு நல்லதே நடக்கட்டும் என்று சொல்லிப் போனார்கள். விவசாயக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து பாலிதீன் பையில் மண் எடுத்துப் போய், புல் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது என்று கடிதம் அனுப்பினார். ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கிப் பந்து பொறுக்கும் ‘கேடி’ பையன்களுக்கு மேஸ்திரியான போஜன், விடியற்காலையில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு ஸ்டவ்வும் பெஞ்சும் போட்டு மிளகாய் பஜ்ஜி போட ஆரம்பித்தான். இன்றைக்கு எத்தனை அடி என்று பஜாரில் பந்தயம் கட்டினார்கள், அது தினமும் பத்தடியே நடந்ததால் பந்தயம் சப்பென்று போய் விட்டுவிட்டார்கள். ஏன் நடக்கிறது என்று கேட்டவர்கள் முதல் வாரத்தோடு சரி. அப்புறம் எல்லோரும் கேட்டது எப்போது வந்து சேரும் என்பதைத்தான்.

அது கடந்து வந்த பாதையில் எதுவும் மிச்சமிருக்கவில்லை. பெஞ்சு இருந்த இடத்தில் பெஞ்சு இல்லை, மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில் கொட்டகை இல்லை, பின்னால் சீப்பால் வாரியதுபோல வழவழவென்று செம்மண் மட்டும். பத்தொன்பதாம் விடியலில் கொஞ்சம் கோணலாகப் போய், பக்கத்து வீட்டுப் பட்டுரோஜாவின் கோழிக்கூட்டின் மேல் ஏறிவிட்டு, மறுநாள் மறுபடி ஹில்டாவின் வீட்டைப் பார்த்துத் திரும்பியது. கோழிகள் முன்கூட்டியே சீகை மரத்தில் ஏறித் தப்பித்தன. கூடு போனது போனதுதான்.

கிளப் செக்ரட்டரி ஜெயசிம்மன் தலைப்பாகை வைக்காத ராஜா. அவர் குடியிருப்பின் ஆறு வீட்டுக்கும் இங்கிலீஷில் ஒரு கடிதம் அனுப்பினார். ஆறு வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் ஹில்டா ஒருத்திதான் என்பதால், மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் அவள் சமையலறையில் வந்து நின்றார்கள்.

“கிரீன் எங்கே நிக்குதோ அது கிளப் இடம்னு எழுதியிருக்கான். வீட்டைக் காலி பண்ணிக்கணும். கீழ் பஜார்ல மாத்து வீடு குடுக்கறதைப் பத்தி யோசிப்பாங்களாம். தர்றோம்னு எங்கேயும் இல்லை, யோசிப்போம்னுதான் இருக்கு.”

“யோசிச்சுட்டா தராமலா போவாங்க அக்கா?” என்றாள் பட்டுரோஜா. “பாத்ரூம்ல கீசர் இருக்காமே. திருகினா வெந்நியாம்.”

“கோழிக்கூட்டைத் தின்னுட்டுப் போச்சே, அதுக்கு யோசிச்சாங்களா?”

“கோழி இருக்குல்ல அக்கா.”

ஐந்து வீட்டிலும் அன்றே சாமான் கட்டத் தொடங்கினார்கள். அட்டைப்பெட்டிக்கு பஜாரில் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஹில்டா ஒரு கரண்டியைக்கூட எடுத்து வைக்கவில்லை. குன்னூர் போஸ்ட்மாஸ்டர் மகள், கன்னியாஸ்திரிகளிடம் பியானோ படித்தவள், புல் வெட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு போகிறாள், மண்ணைத்தான் தின்னப் போகிறாள் என்று சொந்தத் தகப்பன் கோயில் வாசலில் நின்று சொன்னபோது, திரும்பிப் பார்க்காமல் வந்து இறங்கிய வீடு இது. வந்த அன்று ஒழுகுகிற கூரையும் புகைகிற அடுப்பும்தான் இருந்தன. கூரைத் தகரத்தை மாற்றியவள் அவள், புகைபோக்கி கட்டியவள் அவள், கடப்பைக் கல் மேடைக்குச் சிமெண்ட் குழைத்தவள் அவள், கிழக்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்து நாலு மாதம் செக்ரட்டரி ஆபீஸோடு சண்டை போட்டவளும் அவள்தான். அந்தச் சுவரில் அவள் அடிக்காத ஆணி ஒன்றுகூட இல்லை. கீசருக்காக அதைக் கொடுத்துவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை, அந்த மனம் வராததற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் அவள் தயாராக இல்லை.

சோப்புத் தண்ணீர்ச் சண்டை முடிந்து உள்ளே வந்து சமையலறைக் கதவை அடித்துச் சாத்தினாள். சாத்திய வேகத்தில், கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த ஒட்டடைக் கம்பு சரிந்து அவள் காலடியில் விழுந்தது. எடுத்து நிறுத்தப் போனவள் அப்படியே நின்றாள்.

அது ஒட்டடைக் கம்பு இல்லை. அதாவது, இந்த ஒரு மாதமாக ஒட்டடைக் கம்பு. அதற்கு முன்னால் ஏழாம் நம்பர் குழியின் கொடிக்கம்பு.

கொடி தைப்பது வருஷா வருஷம் ஹில்டாவின் வேலை. இந்த வருஷம் ஆபீஸில் அரை கெஜம் துணி குறைத்துக் கொடுத்துவிட்டார்கள். பதினேழு கொடி தைத்தாயிற்று, பதினேழு கம்பும் அதனதன் குழிக்குத் திரும்பிப் போயாயிற்று, ஒன்றுக்குத் துணி இல்லை. “துணி வந்தா தைப்பேன், வராட்டி உங்க செக்ரட்டரி வேட்டியைக் கிழிச்சுத் தைங்க” என்று சொல்லிவிட்டு, கிழிந்த பழைய கொடியோடு அந்தக் கம்பைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள். துணி வரவில்லை. ஆனால் ஏழடிக் கம்பு, எடை இல்லை, மூலை முடுக்கெல்லாம் எட்டியது, நுனியில் கந்தல் வேறு இருந்தது. அதைவிட நல்ல ஒட்டடைக் கம்பு கல்மட்டம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பட்டுரோஜாகூட நாத்தனார் வருகிறாள் என்று ஒருநாள் இரவல் வாங்கிப் போனாள். ஒரு ராத்திரி அவள் வீட்டிலேயே இருந்தது. அடுத்த விடியலில்தான் அவள் கோழிக்கூடு போனது.

மறுநாள் விடியலில், இருபத்தொன்பதாம் விடியலில், ஹில்டா வேடிக்கை பார்க்கப் போகவில்லை. கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு தன் ஜன்னலோரம் நின்றாள். வெளியே பனி சர்க்கரைபோல் படர்ந்திருந்தது. கிரீன் அசைய ஆரம்பித்ததும் கம்போடு இடப்பக்கம் நாலடி நகர்ந்தாள். கிரீனின் முன்விளிம்பு இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் வந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்ட பசு தலையைத் திருப்புவதுபோல அதுவும் வலப்பக்கம் திரும்பியது. கம்பைப் படுக்கப் போட்டாள். அது தடுமாறி நின்றது. மறுபடி நிமிர்த்தினாள். அது மறுபடி வந்தது. வெயில் விழுந்தபோது சுவருக்கும் அதற்கும் நடுவே பத்தடி இருந்தது. துணிக்கயிறும் இரண்டு கம்பமும் இல்லை, கயிற்றில் மறந்துவிட்ட செபமாலையின் ஒரு காலுறையும் இல்லை.

காலைப் பலகாரத்தை வைத்துக்கொண்டே சொன்னாள். “கடப்பாறை வேணும். சாமான் ஷெட் சாவியைக் குடுங்க.”

“எதுக்கு?”

“மேட்டுல மண்ணு உறைஞ்சு கல்லாக் கிடக்கு. குழி பறிச்சு இந்தக் கம்பைப் பழைய இடத்துல நட்டா எல்லாம் திரும்பிப் போயிடும்.”

செபமாலை கம்பைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பத்தடி தூரத்தில் வெயில் பட்டுப் பனி உருகி, ஒவ்வொரு புல்லிலும் ஒரு துளி மின்ன அது நின்றது. அவர் முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை இருந்தது. பேச்சு அதிகமில்லாத மனுஷன், அன்றைக்குத்தான் அத்தனை பேசினார்.

“இருபத்தாறு வருஷம் ஹில்டா. காய்ச்சல்லகூட ஒருநாள் விட்டதில்லை. எத்தனை மெம்பர் வந்தான், எத்தனை செக்ரட்டரி வந்தான், ஒருத்தனுக்கு என் பேர் முழுசாத் தெரியாது, மாலின்னுதான் கூப்பிடுவான். அதுக்குத் தெரியும். யார் பார்த்துக்கிட்டாங்கன்னு அதுக்குத் தெரியும். பதினெட்டு கிரீன் இருக்கு, எதுவாவது எழுந்து வந்துச்சா? இது என்னைத் தேடி வருது. வர்றதை எப்படி வேணாம்னு சொல்றது?”

அப்போது அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இருபது வயசிலிருந்தே அந்த வித்தை அவளுக்குக் கைகூடியதில்லை.

“உங்களைத் தேடி வரலை. ஒட்டடைக் கம்பைத் தேடி வருது.”

சொல்லி, செய்தும் காட்டினாள். வெயில் ஏறிவிட்டதால் கிரீன் நகரவில்லை, ஆனால் அவள் கம்போடு இடமும் வலமும் நடந்தபோது, புல் நுனிகள் அத்தனையும் அவள் பக்கம் சாய்ந்து, மறுபடி சாய்ந்தன. செபமாலை எழுந்து ஜன்னலுக்கு எதிரே போய் நின்று பார்த்தார். இடப்பக்கம் நகர்ந்தார். வலப்பக்கம் நகர்ந்தார். அவருக்காக ஒரு புல்லும் சாயவில்லை.

அவர் தட்டில் இருந்த இட்லியைத் தொடவில்லை. ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டு பொத்தானையும் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று ராத்திரி சாவியைத் திருட அவள் யோசித்தாள். அவர் சட்டையோடேயே படுத்துக்கொண்டார்.

முப்பதாம் விடியலுக்குக் கூட்டம் எக்கச்சக்கம். இன்றைக்கு வீடு போகும் என்று தெரிந்ததால் பஜாரிலிருந்து ஜீப் வைத்து வந்திருந்தார்கள். போஜன் இரண்டாவது ஸ்டவ் போட்டிருந்தான். ஐந்து குடும்பமும் அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள், பட்டுரோஜாவின் மடியில் இரண்டு கோழி. எல்லோரும் பனிக்கு ஒரு அடி இந்தப் பக்கம், சரளைப் பாதையில், கோடு கிழித்ததுபோல நின்றார்கள். செபமாலை கடைசியில், தனியாக.

ஹில்டா அடுப்பில் பாலை வைத்தாள், ஐந்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று நினைத்து. கம்பை எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்து, சரளைப் பாதையைத் தாண்டி, நேராகப் பனியில் காலை வைத்தாள்.

“ஐயோ!” என்று கூட்டம் முழுக்கக் கத்தியது. புல்தரை ஒரு மாதமாக நடந்து வந்தபோது யாரும் கத்தியதில்லை. ரப்பர் செருப்புக்குக் கீழே பனி நறுக் நறுக்கென்று உடைய, பின்னால் ஒவ்வொரு அடியும் கறுப்பாகப் பதிய, கொடிக்கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மாதா ஊர்வலத்தில் போகிறவள்போல அவள் மேடேறிப் போனாள். முந்நூறு அடி. மூச்சு வாங்கியது. மேட்டின் மேல், கிரீன் ஒரு காலத்தில் இருந்த அந்த வழவழத்த செம்மண் வட்டத்தின் நடுவில் போய் நின்று, கம்பை ஓங்கிக் குத்தினாள். கம்பு இறங்கவில்லை. மறுபடி குத்தினாள். டங் என்று சத்தம்தான் வந்தது. சாய்த்து வைக்க ஒரு கல் இல்லை, மரம் இல்லை. கையை எடுத்தால் கம்பு விழும்.

அவள் கையை எடுக்கவில்லை. கீழே, கம்பு போன திசை பிடிபடாமல் சுவரை நோக்கியே ஊர்ந்துகொண்டிருந்த ஏழாம் நம்பர் கிரீன், சமையலறைச் சுவரைத் தொட ஒரு சாண் இருக்கும்போது நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு, அறுபதடி வட்டமும் மெதுவாகத் திரும்பி, மேட்டைப் பார்த்து ஏற ஆரம்பித்தது.

“மிசஸ் செபமாலை!” செக்ரட்டரி ஜெயசிம்மன் கைகளைக் குவித்துக் கத்தினார். “அது கிளப் சொத்து! கீழே வைங்க!”

“வந்து வாங்கிக்குங்க சார்!” என்று அவளும் கத்தினாள். “வாங்க, என்ன நிக்கிறீங்க? பனியில கால் வைக்கக் கூடாதுன்னு போர்டு வச்சது நீங்கதானே?”

அவர் வலது காலைத் தூக்கினார், பனியைப் பார்த்தார், தூக்கிய காலை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டார்.

விடியலுக்குப் பத்தடி. கீழே இறங்கி வர முப்பது விடியல் என்றால் மேலே ஏறவும் முப்பது. இன்னும் எத்தனை நாள் பனி விழுமோ தெரியாது, இன்று வெயில் ஏறியதும் இந்த மனுஷர்கள் வந்து என்ன செய்வார்களோ அதுவும் தெரியாது. அவள் விரல்கள் கம்போடு ஒட்டிக்கொண்டன. கம்பை அணைத்து, கையை அக்குளில் வைத்துக்கொண்டாள். கொடியின் கந்தல் முகத்தில் அடித்தது, ஒரு மாத ஒட்டடையோடு.

“பட்டு! உன் புருஷனை அனுப்புடி, அஞ்சு நிமிஷம் பிடிக்கட்டும்!”

பட்டுரோஜா கோழிகளின் தலையைத் தடவினாள்.

“போஜா! பஜ்ஜி தின்ன வந்தவங்கள்ல ஒருத்தனை அனுப்பு!”

போஜன் ஸ்டவ்வுக்குக் காற்றடித்தான். அந்தச் சத்தம் மட்டும் மேடு வரை தெளிவாகக் கேட்டது.

அப்போது காற்று கீழிருந்து மேலே வீசியது. பால் பொங்கி, வழிந்து, அடுப்பில் கருகும் வாசனை. அத்தனை பேருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், சில தலைகள் அவள் வீட்டுப் பக்கம் திரும்பின. செபமாலையின் தலை திரும்பவில்லை. அவர் தன்னைத் தாண்டி ஏறிப்போகிற புல்லையும் பார்க்கவில்லை. பனியின் ஓரத்தில், சட்டைப் பையின் பொத்தானை ஒரு கையால் பொத்திக்கொண்டு, அவள் பதித்துவிட்டுப் போன கறுத்த காலடிகளில் முதலாவதையே பார்த்துக்கொண்டு நின்றார். கிழக்கே மலைவிளிம்பில் இன்னும் வெயில் இல்லை. ஹில்டாவின் தொண்டையில் சத்தம் குறைந்துபோயிருந்தது. இந்தமுறை அவள் கத்தவில்லை, ஆனால் அந்தக் குளிரில், அந்த அமைதியில், அவள் சொன்னது கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

“என்னங்க, ஒரே ஒரு நிமிஷம் வந்து இதைப் பிடிங்களேன். அடுப்புல பால் இருக்கு.”